ஹோவர்கிராஃப்ட் எழவில்லை, நகரவில்லை, துள்ளுகிறது: காற்றோட்டப் பிழைகளை அறிகுறி வழியே நீக்குதல்

ஹோவர்கிராஃப்ட் என்பது தன் அடியில் காற்றை ஊதி, அந்தக் காற்று மெத்தையின் மேல் தரையிலும் நீரிலும் செல்லும் ஊர்தி. ஒருவர் அமர்ந்து ஓட்டும் சிறிய ஹோவர்கிராஃப்டை மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதியிருக்கிறேன். ஒரே எஞ்சின், ஒரே விசிறி. விசிறிக்குப் பின்னால் கிடையாகப் பொருத்தப்பட்ட ஒரு பிரிப்புத் தகடு. தகட்டுக்குக் கீழே செல்லும் காற்று அடிப்பகுதிக்குப் போய் ஊர்தியைத் தூக்குகிறது. மேலே செல்லும் காற்று பின்பக்கமாக வெளியேறி ஊர்தியைத் தள்ளுகிறது. பொறியியல் மாணவர்களும் ஆர்வலர்களும் கட்டும் ஊர்திகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. தூக்குவதற்கு ஒன்று, தள்ளுவதற்கு ஒன்று என இரண்டு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்; மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

அறிகுறிகளுக்குள் நுழையும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஊர்தி எழுந்து நிற்கும்போது அதன் அடியில் உள்ள காற்றின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது விசிறி அன்று. ஊர்தியின் எடையும், காற்று மெத்தையின் பரப்பும்தான். ஓட்டுநர், பெட்ரோல் உட்பட 240 கிலோ எடையுள்ள ஓர் ஊர்தி, 3 மீட்டர் நீளமும் 1.6 மீட்டர் அகலமும் கொண்ட காற்று மெத்தையின் மேல் நிற்கிறது என்று கொள்வோம். பரப்பு 4.8 சதுர மீட்டர். ஆகவே ஒரு சதுர மீட்டர் தாங்கும் எடை 50 கிலோ. சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்பது ஒரு மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம் என்பதால், இந்த ஊர்திக்குத் தேவையான அழுத்தம் 50 மி.மீ. நீர், அதாவது ஏறத்தாழ 490 பாஸ்கல். இது மிகச் சிறிய அழுத்தம். விசிறியை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் ஊர்தி நிலையாக எழுந்து நிற்கும்போது இந்த எண் கூடாது. கூடுதலாக வரும் காற்று முழுவதும் ஸ்கர்ட்டின் (காற்று மெத்தையைச் சுற்றி அடைக்கும் துணித் திரையின்) கீழ் விளிம்பு வழியே வெளியேறி, தரைக்கும் விளிம்புக்கும் இடையிலான இடைவெளியை மட்டுமே பெரிதாக்கும்.

அந்தக் கசிவு வழியே எவ்வளவு காற்று போகிறது என்பதையும் கணக்கிட்டு வைத்துக்கொள்வது நல்லது. 490 பாஸ்கல் அழுத்தத்தில் காற்று நொடிக்கு ஏறத்தாழ 29 மீட்டர் வேகத்தில் வெளியேறும். ஊர்தியின் சுற்றளவு 9.2 மீட்டர், இடைவெளி 12 மி.மீ. என்றால், விளிம்பில் காற்றுத் தாரை சுருங்குவதையும் கணக்கில் கொண்டால், நொடிக்குச் சற்றேறக்குறைய 1.9 கன மீட்டர் காற்று தேவை. இடைவெளியை 20 மி.மீ. ஆக்க விரும்பினால் அந்தத் தேவை 3.1 கன மீட்டருக்கு மேல் போய்விடும். ஒற்றை விசிறி ஊர்தியில் இந்த உபரிக் காற்று முழுவதும் உந்துவிசையிலிருந்து பறிக்கப்பட்டதே.

முதலில் வேண்டிய கருவி

கட்டட வேலையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், உள்ளே நீர் தெரியும் பிளாஸ்டிக் குழாய் இரண்டு மீட்டர் போதும். ஒரு பலகையில் அதை வளைத்துப் பொருத்தி, பாதியளவு நீர் நிரப்பி, இரண்டு சொட்டு நீல மை விட்டு, பின்னால் மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டிவிடுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறு முனையை ஊர்தியின் அடித்தட்டில் துளையிட்டு, காற்று நேராகப் பாயாத இடத்தில், அடிப்பரப்போடு சமமாக வெட்டி நிறுத்துங்கள். காற்று பாயும் வாயில் குழாயை நீட்டினால் அழுத்தத்தோடு வேகமும் சேர்ந்து பொய்யான எண் வரும். 50 மி.மீ. என்பது இரண்டு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையிலான மொத்த வேறுபாடு: ஒரு பக்கம் 25 இறங்கும், மறு பக்கம் 25 ஏறும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பாதி அழுத்தம்தான் வருகிறது என்று விசிறியைக் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1955-இல் ஹோவர்கிராஃப்டைக் கண்டுபிடித்த ஆங்கிலப் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கரல் ஒரு தகர டப்பாவுக்குள் இன்னொரு டப்பாவை வைத்து, இடையிலுள்ள வளையம் வழியே காற்றை ஊதி, சமையலறைத் தராசின் மேல் அதன் அழுத்தும் விசையைப் பார்த்தார் என்பது இத்துறையில் அனைவரும் அறிந்த செய்தி. அவருக்குத் தராசு செய்த வேலையை நமக்கு இந்தக் குழாய் செய்கிறது.

இதோடு விசிறியின் சுற்றுவேகத்தை அளக்க ஒரு டேக்கோமீட்டர், உந்துவிசையை அளக்க ஒரு சுருள்வில் தராசு, சில முழம் கம்பளி நூல் ஆகியவையும் வேண்டும். சோதனையின்போது விசிறிக் கூண்டு கழற்றப்பட்டிருக்கக் கூடாது. எஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுநரின் கையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். விசிறி சுழலும் தளத்துக்கு நேர் பக்கவாட்டில் எவரும் நிற்கக் கூடாது. பிளேடு உடைந்தால் துண்டுகள் பறக்கும் திசை அதுதான்.

அறிகுறி: எஞ்சின் முழு வேகத்தில் ஓடியும் ஊர்தி எழவில்லை

குழாயின் எண்ணைப் படியுங்கள். அங்கிருந்து மூன்று வழிகள் பிரிகின்றன.

எண் 50-ஐத் தொட்டும் ஊர்தி தரையில் உரசுகிறது என்றால், எடை முழுவதையும் காற்று ஏற்கெனவே தாங்கிவிட்டது. இது அழுத்தக் குறைவு அன்று, இடைவெளிக் குறைவு. ஸ்கர்ட்டின் கீழ் விளிம்பு தேய்ந்து ஓரிடத்தில் காற்றைக் கொட்டுகிறதா, விரல் போன்ற தனித்தனித் துண்டுகளில் ஏதேனும் ஒன்று கட்டு அறுந்து மடிந்துகொண்டதா, தரையில் குழியோ மேடோ உண்டா என்று சுற்றி வந்து பாருங்கள். தாழ்வாகப் பிடித்த ஒரு துணிப் பட்டை எந்த இடத்தில் மிகுதியாகப் படபடக்கிறதோ அங்கேதான் காற்று வீணாகிறது. துண்டு வகை ஸ்கர்ட்டில் ஒன்று கிழிந்தாலும் அண்டைத் துண்டுகள் விரிந்து ஓரளவு அடைத்துவிடும்; ஒரே பை போன்ற ஸ்கர்ட்டில் ஒரு சாண் கிழிசலே அந்தப் பக்கம் முழுவதையும் தொய்ய வைக்கும்.

எண் 50-க்குக் கீழே, எடுத்துக்காட்டாக 30-இல் நின்றுவிட்டால், எடையில் 144 கிலோவைத்தான் காற்று தாங்குகிறது. மீதி 96 கிலோ தரையில் கிடக்கிறது. இப்போது குழாயின் முனையை விசிறிக்குப் பின்னால், கீழ்ப்பக்கக் காற்றுவழியின் சுவருக்கு மாற்றி மீண்டும் அளக்க வேண்டும். அங்கே 70-ம் அடியில் 30-ம் இருந்தால் இடையில் காற்று திணறுகிறது என்று பொருள்: காற்றுத் துளைகள் சிறியவை, அல்லது ஸ்கர்ட் துணி அவற்றின் மேல் படிந்து மூடிக்கொள்கிறது. இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒரே எண் என்றால், விசிறி வலுவிழந்திருக்கிறது அல்லது கசிவு மிகப் பெரியது. இந்த இரண்டையும் பிரித்தறிய, வழுவழுப்பான சிமெண்ட் தரையில் தடித்த பாலித்தீன் விரிப்பைப் போட்டு நனைத்து, அதன்மேல் ஊர்தியை நிறுத்திச் சோதிக்கவும். அங்கே எண் ஏறினால் குற்றம் ஸ்கர்ட்டின்மேல். அங்கேயும் ஏறாவிட்டால் விசிறியின் பக்கம் போகலாம்.

விசிறிப் பக்கம் முதல் சந்தேகம் பெல்ட். எஞ்சின் வேகத்தையும் விசிறி வேகத்தையும் தனித்தனியே அளந்து, புல்லிகளின் விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெல்ட் வழுக்கினால் இரண்டும் ஒத்துவராது, புல்லியின் ஓரத்தில் கருந்தூளும் படிந்திருக்கும். விசிறி தரும் அழுத்தம் சுற்றுவேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகம் 10 விழுக்காடு குறைந்தாலே அழுத்தம் 19 விழுக்காடு போய்விடும். அடுத்தது பிளேடு நுனிக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளி: விசிறி விட்டத்தில் ஒரு விழுக்காட்டைத் தாண்டினால், 90 செ.மீ. விசிறிக்கு 9 மி.மீ.க்கு மேல் போனால், அழுத்தப் பக்கத்துக் காற்று நுனியைச் சுற்றி முன்பக்கமே திரும்பிவிடுகிறது. மூன்றாவதாக, பிரிப்புத் தகட்டின் முன் விளிம்பு விசிறியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்க்கவும். கீழ்ப்பக்கம் அழுத்தம் அதிகம், மேல்பக்கம் குறைவு. நடுவில் ஒரு கையகலம் திறந்திருந்தால் தூக்க வேண்டிய காற்று அந்த வழியே மேலேறித் தப்பித்துவிடும். தகட்டை நெருக்கினால் விசிறியின் இரைச்சல் கூடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்; ஆனால் பிளேடு வளைந்தாலும் தட்டாத அளவுக்கு இடம் விட்டே ஆக வேண்டும்.

பிளேடின் கோணத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. கோணம் கூடும்போது எஞ்சின்மேல் சுமை ஏறுகிறது. எஞ்சினால் தாங்க முடியாமல் சுற்றுவேகம் விழுந்தால், கூட்டிய கோணம் தந்ததைவிட இழந்தது அதிகமாகிவிடும். ஆகையால் கோணத்தை ஒவ்வொரு படியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் சுற்றுவேகத்தையும் குழாய் எண்ணையும் சேர்த்தே குறித்து வையுங்கள்.

மூன்றாவது வழிதான் பலரும் எதிர்பாராதது: எண் 50-க்கு மேல் போவது. இதே அளவில், இதே எடைக்கு மாணவர்கள் கட்டிய ஓர் ஊர்தியை ஒரு முறை பார்க்க அழைத்திருந்தார்கள். முதல் வாரம் நன்றாக எழுந்தது, பிறகு எழுவதேயில்லை என்று இரண்டு வாரங்களாகப் பிளேடுகளை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். குழாயை வைத்தபோது 58 காட்டியது. விசிறி கொடுக்க வேண்டியதைவிட அதிகமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. 58-ஐ 4.8-ஆல் பெருக்கினால் 278 கிலோ. அவர்கள் சொன்ன எடையைவிட 38 கிலோ கூடுதல். அடித்தட்டில் ஒரு கைப்பிடி அளவு கீறிப் பார்த்தோம். உள்ளே நிரப்பியிருந்த நுரைப்பலகை, குளத்தில் ஓட்டிய நாள்களில் ஒரு திருகாணித் துளை வழியே நீரைக் குடித்து, பிழிந்தால் சொட்டும் நிலையில் இருந்தது. எடை கூடியிருக்காவிட்டால், ஸ்கர்ட் உள்நோக்கி மடிந்து காற்று மெத்தையின் பரப்பு சுருங்கியிருக்கலாம். அப்போதும் எண் உயரும்.

அறிகுறி: எழுகிறது, ஆனால் சாய்ந்தே நிற்கிறது

காற்று மெத்தையின் தாங்குவிசை அதன் பரப்பின் நடுப்புள்ளியில் செயல்படுகிறது. எடையின் மையம் அதற்கு நேர்மேலே இருக்க வேண்டும். ஓட்டுநரை அமர்த்தி, ஓர் இரும்புக் குழாயின்மேல் ஊர்தியைச் சமன்படுத்தி மையத்தைக் கண்டுபிடியுங்கள். 240 கிலோ ஊர்தியில் மையம் 10 செ.மீ. விலகியிருந்தால், 15 கிலோ பேட்டரியை 1.6 மீட்டர் எதிர்ப்பக்கம் நகர்த்தினால்தான் அது ஈடாகும். மையம் சரியாக இருந்தும் சாய்ந்தால் தாழ்ந்த பக்கத்து ஸ்கர்ட்டுக்குப் போகும் காற்றுத் துளைகளைப் பாருங்கள்.

அறிகுறி: எழுந்தவுடன் தானாக ஒரு பக்கம் நழுவுகிறது அல்லது திரும்புகிறது

முதலில் தரையைச் சந்தேகியுங்கள். எழுந்து நிற்கும் ஊர்திக்கு உராய்வு என்பது ஏறத்தாழ இல்லை. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் தளத்தில் நூற்றுக்கு ஒன்று சரிவு இருந்தாலே 2.4 கிலோ விசை அதை இழுத்துக்கொண்டே இருக்கும். ஊர்தியை எதிர்த்திசையில் திருப்பி வைத்துப் பாருங்கள். இப்போதும் தரையின் அதே மூலைக்கு நழுவினால் குற்றம் தரையினுடையது அல்லது வெளியே வீசும் காற்றினுடையது.

ஊர்தியோடு சேர்ந்து அந்தத் திசையும் மாறினால், விசிறியை விட்டு வெளியேறும் காற்று சுழன்றுகொண்டே வருகிறதா என்று பார்க்க வேண்டும். காற்றுவழியின் பின்வாயிலும் சுக்கான்களின் இருபுறமும் ஒரு விரல் நீளக் கம்பளி நூல்களை ஒட்டி, தொலைவில் நின்று கவனியுங்கள். நூல்கள் நேராகப் பின்னோக்கி நீண்டால் காற்று ஒழுங்காக இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் சுழற்சி மிஞ்சியிருக்கிறது. விசிறிக்குப் பின்னால் நிலையான வழிகாட்டித் தகடுகளைப் பொருத்தினால் அந்தச் சுழற்சி நேராகி, வீணான ஆற்றலில் ஒரு பகுதி உந்துவிசையாகவும் திரும்பக் கிடைக்கும். சுக்கானைத் திருப்பும்போது அதன் ஒரு பக்கத்து நூல்கள் தாறுமாறாகத் துடித்தால், கோணம் அளவுக்கு மீறிவிட்டது. காற்று சுக்கானைப் பற்றிக்கொள்ளாமல் பிரிந்துவிட்டது. கம்பியில் ஒரு தடை வைத்துக் கோணத்தை மட்டுப்படுத்தவும்.

வேகத்தைக் குறைத்தவுடன் சுக்கான் வேலை செய்யவில்லை என்பதைப் பிழையாகக் கருத வேண்டாம். விசிறிக் காற்று அதன்மேல் பாயும்போதுதான் அது திருப்பும். திருப்பத்தில் த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) மூடக் கூடாது என்பதை ஓட்டுநர் பழகியே ஆக வேண்டும்.

அறிகுறி: நன்றாக எழுகிறது, ஆனால் தள்ளும் விசை போதவில்லை

ஊர்தியின் பின்பக்கத்தை ஒரு கம்பத்தில் சுருள்வில் தராசோடு கட்டி, எழுந்த நிலையில் முழு வேகத்தில் இழுக்கவிட்டு எண்ணைக் குறியுங்கள். பிறகு விளிம்பின் கீழுள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். வழுவழுப்பான தரையில் அது 20 மி.மீ.யைத் தாண்டியிருந்தால் காற்றில் அளவுக்கு மிஞ்சிய பங்கு தூக்குவதற்குப் போய்க்கொண்டிருக்கிறது. பல சிறு ஊர்திகளில் விசிறிப் பரப்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கே தூக்குவதற்கு ஒதுக்கப்படுகிறது. பிரிப்புத் தகட்டை ஒரு செ.மீ. இறக்கி, குழாய் எண் 50-இல் நிற்கிறதா, தராசு எண் ஏறுகிறதா என்று இரண்டையும் சேர்த்தே பார்க்கவும்.

உள்ளிழுக்கும் பக்கத்தையும் மறக்க வேண்டாம். கூண்டு வலையில் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் பை, விசிறிக்கு மிக அருகில் காற்றை மறித்து நிற்கும் பெட்ரோல் தொட்டி, கூரான விளிம்புள்ள காற்றுவாய் ஆகிய எல்லாமே உந்துவிசையைத் தின்னும். காற்றுவாயின் விளிம்பு குடத்தின் வாய்போல் வெளிநோக்கி உருண்டு வளைந்திருக்க வேண்டும்.

தூக்கலையும் தள்ளலையும் ஒரே எஞ்சினில் பிணைப்பதால் வரும் இந்தச் சிக்கல் புதிதன்று. 1959-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த எஸ்.ஆர்.என்.1 ஊர்தியும் ஒரே விசிறியின் காற்றிலிருந்து ஒரு பகுதியை உந்துவிசைக்குப் பிரித்தெடுத்தது. 1968 முதல் 2000 வரை அதே கால்வாயில் கார்களையும் பயணிகளையும் ஏற்றிச் சென்ற எஸ்.ஆர்.என்.4-இல் நான்கு எஞ்சின்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தூக்கு விசிறியையும் ஒரு உந்துவிசிறியையும் சேர்த்தே சுழற்றியது. சுற்றுவேகத்தை மாற்றாமலேயே உந்துவிசிறியின் பிளேடு கோணத்தை மாற்றித் தள்ளும் விசையைக் கூட்டவும் குறைக்கவும் அவர்களால் முடிந்தது. நமக்கு அந்த வசதி இல்லை என்பதால்தான் தகட்டின் இடம் இவ்வளவு முக்கியமாகிறது.

அறிகுறி: தரையில் ஓடுகிறது, நீரில் ஒரு வேகத்துக்கு மேல் போக மறுக்கிறது

நீரின்மேல் நிற்கும் ஊர்தி தன் அழுத்தத்தால் 50 மி.மீ. ஆழப் பள்ளத்தை உண்டாக்குகிறது. அந்தப் பள்ளத்து நீரின் எடை சரியாக 240 கிலோ. நகரத் தொடங்கும்போது அந்தப் பள்ளத்தையும் இழுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. முன்னால் அலை எழும்புகிறது, ஊர்தி அந்த மேட்டில் ஏற முயன்றபடி பின்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. இந்தத் தடை உச்சத்தை எட்டும் வேகம் மெத்தையின் நீளத்தைப் பொறுத்தது; 3 மீட்டர் நீளத்துக்கு அது மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அதைத் தாண்டிவிட்டால் அலை பின்தங்கிவிடும், ஊர்தி விடுபட்டதுபோல் பாயும்.

நீரின் ஆழமும் இங்கே பேசுகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் நீளமான அலைகள் ஓடும் வேகமும் மணிக்கு 11 கிலோமீட்டரை ஒட்டியே இருப்பதால், இந்த அளவு ஊர்திக்கு அந்த ஆழம் மிகப் பொல்லாதது. அதே ஊர்தி ஆழமான ஏரியில் எளிதாகத் தாண்டக்கூடும். பாக் நீரிணையின் ஆழமற்ற நீரில் கடலோரக் காவல் படையின் ஹோவர்கிராஃப்ட்கள் மண்டபத்திலிருந்து கிளம்பும்போது, மணற்கரையிலேயே எழுந்து நீருக்குள் இறங்குவதைப் பார்த்தவர்கள் உண்டு. சிறிய ஊர்திக்கும் அதுவே நல்ல வழி: கரையில் எழுந்து, வேகம் எடுத்தபின் நீரில் இறங்குங்கள். நீரிலிருந்தே கிளம்ப நேர்ந்தால் ஸ்கர்ட்டுக்குள் தேங்கிய நீர் வடியச் சில நொடிகள் எழுந்து நின்று, பிறகு முழு வேகம் கொடுத்து, உடலை முன்னால் சாய்த்து, தாழ்ந்த பின்பக்கத்தை மட்டப்படுத்துங்கள். தாண்டியவுடன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். காரணம் அடுத்த அறிகுறியில் இருக்கிறது.

அறிகுறி: வேகமாகப் போகும்போது மூக்கு நீரில் குத்துகிறது

இது எல்லாவற்றிலும் ஆபத்தானது. முன் ஸ்கர்ட் நீரைத் தொட்டவுடன் நீர் அதைப் பின்னுக்கு இழுத்து அடியில் மடிக்கிறது. தாங்கும் பரப்பு முன்னால் குறைகிறது, மூக்கு மேலும் தாழ்கிறது. உந்துவிசை ஊர்தியின் மேற்பகுதியில் செயல்படுவதால் அதுவும் மூக்கைக் கீழே அழுத்துகிறது. பதற்றத்தில் த்ராட்டிலை முழுவதும் மூடிவிடுவதுதான் ஓட்டுநரின் இயல்பு. ஒற்றை விசிறி ஊர்தியில் அது தூக்கலையும் சேர்த்துப் பறித்துவிடும். த்ராட்டிலை விடாமல் உடலைப் பின்னால் சாய்த்து, மூக்கு எழுந்தபின் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரண்டு எஞ்சின் உள்ளவர்கள் உந்துவிசையை மட்டும் குறைத்து, தூக்கலை அப்படியே வைத்திருக்கலாம். மீண்டும் மீண்டும் நேர்ந்தால் எடை மையத்தைச் சற்றுப் பின்னால் நகர்த்தி, முன் ஸ்கர்ட்டின் கட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, அங்கே போகும் காற்றுத் துளைகளைக் கூட்டுங்கள். உயிர்காப்பு உடையும் தலைக்கவசமும் இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்கக் கூடாது.

அறிகுறி: நின்ற இடத்திலேயே மேலும் கீழும் துள்ளுகிறது

மெத்தையில் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்போல் நடந்துகொள்கிறது. விசிறியும் ஸ்கர்ட்டும் சேர்ந்து அந்த அசைவுக்கு ஊட்டம் கொடுக்கும்போது துள்ளல் அடங்காமல் நீடிக்கிறது. சுற்றுவேகத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறதென்றால் அந்த வேகத்தில் நிற்காமல் கடந்துவிடலாம். எல்லா வேகத்திலும் வந்தால், பை ஸ்கர்ட்டுக்குள் துணித் தடுப்புகளைத் தைத்து அதன் அசைவைக் கட்டுப்படுத்துவது தீர்வு.

அறிகுறி: ஓசை மாறுகிறது, அதிர்கிறது

உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பிளேடுகளை ஒவ்வொன்றாகக் கையால் தடவி வெடிப்பும், முன் விளிம்பில் மணலும் நீர்த்துளியும் அரித்த சொரசொரப்பும் உண்டா என்று பாருங்கள். கோணம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். உப்பு நீரில் ஓட்டிய நாளில் நல்ல நீரால் கழுவாமல் விட்டால், படிந்த உப்பே சமநிலையைக் கெடுக்கும். பிளேடுகளில் குறை இல்லை, ஓசை மட்டும் கரகரப்பாக மாறி அழுத்தம் விழுகிறது என்றால், காற்று போக வழியின்றி பிளேடுகளில் காற்றோட்டம் பிரிகிறது. கீழ்க்காற்றுவழியில் அடைப்பைத் தேடுங்கள்.

அறிகுறி: குளிர்ந்த காலையில் எழுகிறது, கோடை மதியத்தில் எழவில்லை

எதுவும் பழுதாகவில்லை. 22 பாகை செல்சியஸிலிருந்து 40 பாகைக்குப் போகும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறைகிறது. அதே சுற்றுவேகத்தில் விசிறியின் அழுத்தமும் உந்துவிசையும் அதே விகிதத்தில் குறையும், எஞ்சினின் திறனும் உடன் குறையும். ஜனவரிக் காலையில் 53 மி.மீ. வரை தரக்கூடிய விசிறி, மே மாத மதியத்தில் 50-ஐத் தொடாது. ஊர்தியிலிருந்து குறைந்தது 15 கிலோவை இறக்கிவிட்டு மீண்டும் எழுப்பிப் பாருங்கள். எழுந்தால், அந்த எடையோடு கோடையில் ஓட்ட இந்த விசிறி போதாது என்பதைக் குறித்துக்கொண்டு, பெட்ரோலைப் பாதியளவு மட்டும் நிரப்பி ஓட்டலாம் அல்லது பிளேடு எண்ணிக்கையை மறுபரிசீலனை செய்யலாம்.